எண்பத்தாறு படி

ஏணிக்கு எண்பத்தாறு படி.
இறங்க ஆறு நிமிடம், ஏற ஒன்பது,
தகரக் கழிப்பறைக்குப் போய்வர ஐந்து.
ஆக, ஒருமுறை ஒன்றுக்குப் போக
இருபது நிமிடம்.
கீழே லுக்யான் குறிப்பேட்டில் எழுதுவான்:
"மூன்றாம் கிரேன் நின்றது. காரணம்: ரவ்ஸா."
காரணமாக இருக்கப் பிடிக்காமல்
தண்ணீர் குடிப்பதை விட்டேன்.

பதினோரு கோடை.
காலுக்கடியில் வோல்கா
கடலுக்குப் போகிற அவசரமே இல்லாமல் போனது.
மேலே கண்ணாடிக் கூண்டில் நான்
உப்புப் போட்ட சூரியகாந்தி விதை கொறித்துக்
கருவாடாகக் காய்ந்தேன்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை
பன்னிரண்டு டன் குழாய்க்கட்டு நடுவானில் தொங்க,
என் இடுப்புக்குள் யாரோ
கொக்கி மாட்டித் தூக்கினார்கள்.
கட்டைத் தரையில் இறக்கி,
சங்கிலி தளர்ந்ததைப் பார்த்த பிறகுதான்
கத்தினேன்.

"ஐந்து மில்லிமீட்டர். தானாக வரலாம்," என்றாள்
ஸ்கேன் பார்த்த மருத்துவர்.
என் மகள் வயதுகூட இருக்காது.
"தண்ணீர் குடியுங்கள். காய்ச்சல் அடித்தால்,
சிறுநீர் நின்றுபோனால், உடனே ஓடி வாருங்கள்.
அக்கம்பக்கத்தார் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள்."

அக்கம்பக்கத்தார்
எனக்கு முன்னால் என் சமையலறைக்கு வந்திருந்தார்கள்.

மூன்றாம் மாடி க்ளாவ்தியா
சோளக்கதிரின் குஞ்சத்தைக் கொதிக்கவைத்து,
தன் தேநீர் வடிகட்டியில் வடித்துத் தந்தாள்.
நனைந்த பொம்மைத் தலைமுடியின் வாசனை.
யாரோ குதிரைவால் புல் கொண்டுவந்தார்கள்.
கொழுந்தன் இல்தார் பீர் என்றான்;
தலைவலிக்கும் அவனுக்கு அதுதான், கடன் தொல்லைக்கும்.
கடைசியில் எல்லோரும் ஒரே குரலில்:
தர்பூசணி. கறுப்பு ரொட்டியோடு.
வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து.
இரவு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே,
சிறுநீரகம் விழித்திருக்கும் நேரமாம் அது.

ரினாத் அலாரம் வைத்தார்.
தொட்டி விளிம்பில் உட்கார்ந்து
மீன் வெட்டும் கத்தியால் பழத்தைக் கீறினார்.
கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம்,
நள்ளிரவில் இருவரும் விழித்திருந்து
எவ்வளவு நாளாயிற்று என்று
இருவருமே சொல்லவில்லை.
நான் துப்பிய விதை தண்ணீரில் விழும்போதெல்லாம்
"வந்துவிட்டதா?" என்று எட்டிப் பார்த்தார்.
வலி அலையாக வந்தது.
தொட்டியின் விளிம்பென்று நினைத்து
அவர் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறேன்.
காலையில் அதில் நாலு நகக்குறி.

மூன்று இரவு. ஏழு பழம்.
கல் அசையவில்லை.
வீடு முழுக்கச் சிவப்புப் பிசுபிசுப்பு, எறும்பு.

வலி அடங்கிய வாரம் வேலைக்குத் திரும்பினேன்,
இரண்டு லிட்டர் புட்டியைத் தோளில் கட்டிக்கொண்டு.
குடித்தேன். இறங்கினேன். ஏறினேன். குடித்தேன்.
கிரேன் நின்றது, காரணம் ரவ்ஸா.
கிரேன் நின்றது, காரணம் ரவ்ஸா.
ஒரே நாளில் ஐந்து தரம்.
லுக்யானின் பேனா தீர்ந்து
பென்சில் தேடினான்.

வியாழக்கிழமை, தகரக் கதவுக்குப் பின்னால்,
பையிலிருந்த வடிகட்டியை எடுத்துப் பிடித்தபோது
எரிந்தது, கண் இருண்டது, பிறகு
கம்பி வலையில்
ஒரு மணல் துளி தட்டுகிற சத்தம்.

உடைத்தது சோளக்குஞ்சமா, புல்லா, பழமா,
வெறும் தண்ணீரா, அந்த ஏணியா,
கல் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.
கழுவினேன். கொத்தமல்லி விதையில் பாதி,
மங்கிய பழுப்பு, ஓரமெல்லாம் முள்.
பன்னிரண்டு டன்னைத் தூக்குகிறவளை
மண்டியிட வைத்தது இதுதானா?

கொண்டுபோய் லுக்யானின் குறிப்பேட்டில்,
அன்றைய பக்கத்தில் வைத்தேன்.
"என்ன இது?"
"காரணம்."
பென்சில் முனையால் புரட்டிப் பார்த்தான்.
அந்த வரியை மட்டும்
எழுதாமல் விட்டான்.

க்ளாவ்தியா வடிகட்டியைத் திருப்பிக் கேட்கிறாள்.
சந்தையில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச்
சந்தேகமாகப் பார்க்கிறாள்:
"இது என்னுடையது இல்லையே, ரவ்ஸா."